ஈயத்துக்கு வராதவர்கள்

காக்கைகள் கோபித்துக்கொண்டு சீத்தக்காட்டை விட்டுப் போன வருசத்தில், திருச்செங்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிசம் தள்ளி இருக்கிற அந்த ஊரில், பதினோரு வீடுகளில் செத்துப்போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை வரவழைத்தது, துளசிமணி தன் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் அட்டை வேய்ந்த சாய்ப்பில் உட்கார்ந்து வெள்ளிக் கம்பியால் பற்றவைத்துக் கொடுத்த எவர்சில்வர் சாமான்கள்தான் என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, துளசிமணிக்கும் இல்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கட்டிக்கொடுத்த ஊரில் இரண்டு வருசம் இருந்து பார்த்துவிட்டு, சண்டை சச்சரவு ஏதும் இல்லாமலே ஒரு செவ்வாய்க்கிழமை துணிப்பையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வந்த கையோடு திருச்செங்கோட்டில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, கொர்ரென்று அதிர்கிற அந்தப் பேனா மிஷினால் பதினேழு வருசம், சீர்ப் பாத்திரங்களிலும் மொய்ப் பாத்திரங்களிலும் புள்ளி புள்ளியாகச் சுற்று வட்டாரத்துப் பேர்களையெல்லாம் வெட்டியவள். காது பிய்ந்த தூக்குப்போசிகளும் பிடி கழன்ற கேரியர்களும் கடைக்கு வந்துகொண்டே இருக்க, இதெல்லாம் ஆவறதில்லீங், புதுசு எடுத்துக்கங் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புவதைப் பார்த்துப் பார்த்து, ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருத்தரிடம் செப்புக் குழாய்க்கு வைக்கிற வெள்ளிக் கம்பியில் நாலு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டுபோய், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் வீட்டுச் சாமான்களையே கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்டாள். எவர்சில்வர் ரோசக்காரச் சாமான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் அதன்மேல் இருக்கிறது, உப்புத்தாளால் தேய்த்து உரித்தாலும் ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி வளர்த்துக்கொள்ளும், அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் வெள்ளி அதைத் தொடாது, மணிமணியாக உருண்டு கீழே ஓடிவிடும். அதற்குத்தான் வெள்ளை மருந்து. மருந்தைப் பூசி, கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி வீசினால், அது முதலில் பொங்கும், பிறகு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பிறகு சட்டென்று தண்ணீர் மாதிரித் தெளியும். தெளிகிற அந்த ஒரு கணத்தில் கம்பியை நெருப்பில் காட்டாமல் உலோகத்தில் தொட்டால், வெள்ளி தானாகவே இடுக்கைத் தேடிக்கொண்டு ஓடும். ரெண்டு மூச்சு தாமதித்தால் மருந்து கருகிப்போகும், அப்புறம் எத்தனை கெஞ்சினாலும் நடக்காது.

முதலில் வந்தவர் அர்த்தநாரி. மில்லில் வாட்ச்மேனாக இருந்து, செத்து ஐந்து வருசம் ஆனவர். அவர் சம்சாரம் பாப்பாத்தி, துளசிமணிக்கு அடுத்த வீடு, அவருடைய பழைய கேரியரின் பக்கப் பட்டையைப் பற்றவைத்து வாங்கிப்போய், காட்டு வேலைக்குச் சாம்பார் சாதம் கொண்டுபோனாள். மத்தியானம் வேப்பமரத்தடியில் மூடியைத் திறந்தால் மேல் அடுக்கில் சாதம் இல்லை. மூடியின் உள்பக்கத்தில், மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கை விறகு அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தது. அப்படி அடுக்கி வைக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

சாயங்காலம் பாப்பாத்தி கேரியரோடு சாய்ப்புக்கு வந்தாள். "ஏ துளசி, என்னத்தடி வெச்சுப் பத்த வெச்ச? அந்த மனுசன் வந்து தின்னுபோட்டுப் போயிருக்குது."

"வெள்ளிங்க்கா."

"வெள்ளியா? உசுரோட இருந்தப்ப எனக்கு ஒரு கொலுசு எடுத்துத் தர வக்கில்ல. இப்ப வெள்ளின்னதும் மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு பாரு." திட்டிக்கொண்டே போனவள் மறுநாள் சாம்பாரில் முருங்கைக்காயை அதிகமாகப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது. விருந்தாளியை அந்தப் பக்கம் ஒரம்பரை என்பார்கள், வருகிறவர்களையும் அப்படியே மத்தியான ஒரம்பரை என்று சொல்லிக்கொண்டார்கள். உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போடுவது, பற்றவைத்த சாமானில் சோறும் குழம்பும் வைத்து மூடுவது, எதிரே பாய் போடுவது, அரைமணி நேரம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது, பிறகு திறந்து மிச்சத்தைத் தாங்கள் சாப்பிடுவது, அவ்வளவுதான் முறை. யாரும் யாரையும் கண்ணால் பார்த்ததில்லை. பாயைத் தொட்டால் மட்டும் ஆற்று மணல் மாதிரி ஜில்லென்று இருக்கும். கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை கறி வைக்காதீங்க, அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது என்றார். செத்தவர்களே நேராக வந்து சாப்பிட்டுப் போகும்போது காக்கைக்கு எதற்குச் சோறு வைப்பது என்று வீட்டுக்கு வீடு நிறுத்திவிட்டார்கள். காக்கைகள் பத்துநாள் மதில்மேல் உட்கார்ந்து கத்திப் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போயின.

யார் வருவார்கள் என்பதில் மட்டும் முதலில் குழப்பம் இருந்தது. மளிகைக்கடைக்காரர் வீட்டில் அப்பாவை எதிர்பார்த்து ஒரு இட்டிலிக் குண்டாவைப் பற்றவைத்து வாங்கிப்போனார்கள். வந்தவரோ தட்டில் இருந்ததில் உப்பில்லை என்று உப்புக் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டுப் போனார். குண்டாவைத் திருப்பிப் பார்த்தால், இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு அதை மொய்யாக வைத்தவரின் பேர் வெட்டியிருந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காத, பங்காளிச் சண்டையில் கோர்ட்டு வரைக்கும் இழுத்த பெரியப்பா. அன்றிலிருந்து எல்லோரும் முதலில் பேரைப் பார்த்தார்கள். பேர் யாருடையதோ அவர்தான் வருவார். பேருக்குரியவர் உயிரோடு இருந்தால் யாரும் வரமாட்டார்கள், சோறு வைத்தபடி இருக்கும். வரவே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வழி இருந்தது. "தாயி, இதுல எங்க மாமியா பேரு போட்டிருக்குது. அவ போனதே எனக்கு இன்னும் நெசமா போனாளான்னு இருக்குது. நீ ஈயத்துலயே வெச்சுக் குடுத்துரு" என்று சிலர் காதோடு சொல்வார்கள். ஆசிட் தொட்டு ஈயத்தில் பற்றவைத்தால் பார்வைக்கு வெள்ளி மாதிரிதான் இருக்கும், பளபளப்பு கொஞ்ச நாளில் மங்கிப்போகும், மற்றபடி வித்தியாசம் தெரியாது. ஈயத்துக்கு யாரும் வந்ததில்லை.

சீத்தக்காட்டு ஆண்களில் பாதிப்பேர் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர்கள். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், அதற்கும் மேலே ஆப்பிரிக்கா என்று பூமியைத் துளைத்துக்கொண்டு திரிகிறவர்கள், வருசத்துக்கு ஒருதரம் மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்து, செம்மண் படிந்த நகங்களோடு தூங்கி எழுந்து திரும்பிப் போகிறவர்கள். மூன்று மாதமாகப் போன் வராத மகனின் டம்ளரை ஒருத்தி பற்றவைத்து வாங்கிப்போனாள். வைத்த பால் ஆடை கட்டி அப்படியே இருந்தது, அடுத்த வாரம் மகன் பேசினான். அதைக் கேட்டுவிட்டுத் தெய்வானை தன் புருசன் பேர் போட்ட டப்பாவோடு வந்தாள். காட்டுக்குள்ள இருக்காங்க, டவர் இல்ல என்று ரிக் ஓனர் சொல்லிக்கொண்டிருந்த புருசன். மூடியைத் திறந்தபோது டப்பா காலியாக இருந்தது. அவள் தெருவில் இறங்கி ஓடிய சத்தம் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, ரிக் வண்டிக்குப் போயிருக்கிறவர்கள் பேர் போட்ட சாமானை யாரும் துளசிமணியிடம் கொண்டுபோகக் கூடாது, அவளும் வாங்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். எல்லாரையும்விட முதலில் தலையாட்டியவள் துளசிமணிதான்.

ஏனென்றால் அவள் வீட்டிலும் ஒரு சாமான் இருந்தது. தம்பி நாச்சிமுத்துவின் தூக்குப்போசி, ஒரு பக்கத்துக் காது பிய்ந்தது. ஏழு வருசத்துக்கு முன்னால் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், ஏதோ ஒரு முக்கில் டீ குடிக்க இறங்கினானாம், வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஏறவில்லையாம், தேடிப் பார்த்தார்களாம். துணிமூட்டையும் போசியும் வண்டியோடு திரும்பி வந்தன. போலீசில் எழுதிக்கொடுத்தார்கள், குறி கேட்டார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள். எம்.நாச்சிமுத்து என்று போசியில் புள்ளி புள்ளியாக இருந்த பேர் துளசிமணியே வெட்டியது.

அவன் சம்சாரம் மைனாவதி அந்த வீட்டிலேயே இருந்தாள். முப்பத்தாறு வயது, பிள்ளை இல்லை. பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்குடோனுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். குடோன்காரர் சென்னியப்பன், சம்சாரத்தை இழந்தவர், மரியாதையான மனுசர், இரண்டு வருசத்தில் மூன்று தடவை அவளிடம் கேட்டுவிட்டார். இரண்டு பெண்களும் ஏழு வருசம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே டிவி பார்த்து, நாச்சிமுத்துவின் பேரைச் சொல்லாமலே பேசிப் பழகியிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மைனாவதி வேலைக்குப் போகாமல் போசியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு வந்தாள். புருசனின் அக்காளை நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கை, இதுக்கு வெச்சுக் குடுங்க."

துளசிமணி டார்ச்சின் வாயைக் குத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ரிக் வண்டிக்குப் போனவங்க பேரு வேண்டாம்னு கூட்டத்துல பேசியிருக்குது அம்மிணி."

"போனவங்களைத்தான் சொன்னாங்க. ஏழு வருசமா வராதவங்களைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

"சென்னியப்பன் மறுபடி கேட்டானா?"

"கேட்டாருங்."

"நீ என்னன்னு சொன்ன?"

"எங்கூட்டுல கேட்டுச் சொல்றேன்னேன்."

"என்னையவா?"

"உங்களையில்லீங். உங்க டார்ச்சை." மைனாவதி சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சாகணும் நங்கை. காலைல எந்திரிச்சா நான் பொட்டு வெக்கறதா வேண்டாமான்னு கண்ணாடி முன்னாடி நிக்கறேன். ஏழு வருசமா நிக்கறேன்."

துளசிமணி போசியை வாங்கிக்கொண்டாள். புகை ஆகாது, நீ அக்கட்டால போ என்று அவளை அனுப்பிவிட்டு, பிய்ந்த காதைப் போசியின் விளிம்பில் கம்பி சுற்றிக் கட்டி நிறுத்தி, அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சோறு காலியானால் தம்பி இல்லை. தம்பி இல்லையென்றால் மைனாவதிக்கு இந்த வீட்டில் ஒன்றும் இல்லை, அவள் போய்விடுவாள், போகவும் வேண்டியதுதான், பிறகு இந்த வீட்டில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு பாய். சோறு அப்படியே இருந்தால் தம்பி எங்கேயோ இருக்கிறான், இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கலாம். அவள் கை வெள்ளை மருந்துச் சிமிழைத் தாண்டிப்போய் ஆசிட் குப்பியை எடுத்தது. கை தானாக எடுத்தது என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய், எடுக்கும்போது வாசல் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஈயம் உருகிப் பரவியது, புத்தம் புதிய பளபளப்போடு காது நின்றது, அவள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மைனாவதி அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினாள், நெய் விட்டாள், போசியில் போட்டு மூடி, பாய் விரித்து, வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். அரைமணி கழித்துத் திறந்தபோது சாதம் வைத்த மேனிக்கு, நெய் உறைந்து இருந்தது. மறுநாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பாப்பாத்தி ஒரு டம்ளர் சர்க்கரையோடு வந்து எல்லோர் வாயிலும் போட்டாள். "இருக்கறான்! ஊரு தெரியாம எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கறான்! நான்தான் அன்னைக்கே சொன்னேனில்ல!" துளசிமணியின் வாயிலும் போட்டாள். துளசிமணி அந்தச் சர்க்கரையை விழுங்க முடியாமல் வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் மைனாவதி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மிணி?"

"பள்ளிபாளையத்துக்குங்."

"வேலைக்கா?"

"இல்லீங். சென்னியப்பன்கிட்டச் சரின்னு சொல்றதுக்கு."

துளசிமணிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "அவன் உசுரோட இருக்கறான்னு இப்பத்தான தெரிஞ்சுது?"

"அதனாலதானுங்." மைனாவதி ஜிப்பை இழுத்து மூடினாள். "செத்திருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன் நங்கை. பாப்பாத்தியக்கா மாதிரி தினம் ஒருவாட்டி ஆக்கி வெச்சுப்போட்டு, முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டு, இந்தூட்டுலயே கெடந்திருப்பேன். அதுக்குத்தான் வெக்கச் சொன்னேன். சென்னியப்பனுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு. அவரு வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும், அது போதும்னு இருந்தேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "உசுரோட இருந்துக்கிட்டு ஏழு வருசமா ஒரு போன் பண்ணாத மனுசனுக்கு நான் எதுக்குங் காத்துக் கெடக்கோணும்? என்னைய வேண்டாம்னுதான போயிருக்கறாரு?"

துளசிமணி வாயைத் திறந்தாள். வெள்ளியில்ல அம்மிணி, ஈயம் என்று மூன்று வார்த்தை. சொன்னால் இப்போதே வெள்ளி வைத்தாக வேண்டும், வைத்தால் தெரிந்துவிடும், தெரிந்துகொள்ள அவளால் ஆகாது. திறந்த வாயோடு அவள் நின்றுகொண்டிருக்க, மைனாவதி தாலிக்கொடியைக் கழற்றிச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டு, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒன்பதேகால் பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த மாசம் கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று பாப்பாத்தி வந்து சொன்னாள்.

நாற்பது நாள் துளசிமணி யாருக்கும் எதுவும் பற்றவைக்கவில்லை. மத்தியானம் ஆனால் தெருவில் மூடிகள் மூடுகிற சத்தமும், அதற்குப் பின் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விழுகிற அந்த அரைமணி மௌனமும் கேட்கும். அந்த மௌனத்தில் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த போசி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதின் ஈயம் மங்கி, சாம்பல் பூத்து, கருத்துவிட்டது. நாற்பத்தோராம் நாள் அமாவாசை. அவள் எழுந்து, ஏதோ அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவள் மாதிரி சாதாரணமாகப் போய், போசியை இறக்கினாள்.

ஈயம் பட்ட இடத்தில் வெள்ளி நிற்காது. துளி மிச்சம் இருந்தாலும் வெள்ளியை உள்ளே இருந்து அரித்து நொறுக்கிவிடும். அவள் விடியற்காலையிலிருந்து அரத்தாலும் உப்புத்தாளாலும் சுரண்டினாள், வழித்தாள், கழுவினாள், வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி சுரண்டினாள், தான் தடவியதையெல்லாம் தானே நகத்தால் தோண்டி எடுத்தாள். பிறகு மருந்து பூசினாள். டார்ச் சீறியது. மருந்து பொங்கியது, வெளுத்தது, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள், தெளிந்தது. கம்பியைத் தொட்டாள். வெள்ளி ஒரு சுற்றுச் சுற்றி ஓடி, காதுக்கும் போசிக்கும் நடுவில் மெல்லிய கோடாக நின்றது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான பற்று அதற்கு முன்னால் விழுந்ததில்லை.

அரிசிம்பருப்பு ஆக்கினாள். மூடினாள். பாய் போட்டாள். அரைமணி கழித்துத் திறந்தாள்.

போசி காலி. மற்ற ஒரம்பரைகள் ஒரு பங்குதான் சாப்பிடுவார்கள், மிச்சம் இருக்கும். இதில் ஒரு பருக்கை இல்லை, ஒரு துளி நெய் இல்லை, நக்கித் துடைத்த மாதிரி உள்பக்கம் மினுங்கியது. அவள் அழவில்லை. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் போசி அவள் கையில் லேசாக நடுங்கியது. மிச்சம் இருந்த சாதத்தையும் போட்டு மூடினாள். மூடிய கை எடுப்பதற்குள் உள்ளே எடை குறைந்தது. மறுபடி உலை வைத்தாள். அதுவும் போயிற்று. ரேஷன் அரிசியை வடித்தாள், ராகி மாவைக் களி கிண்டினாள், ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தாள். போட்டதெல்லாம் போயிற்று. வீட்டில் ஒன்றும் இல்லாமல் ஆனபோது தெருவில் இறங்கி, பாப்பாத்தியக்கா, சோறு குடுங்க என்றாள், பிறந்ததிலிருந்து ஒருத்தர் வாசலிலும் போய் நின்று கேட்காதவள்.

தெரு முழுக்கக் கொண்டுவந்தது. யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. தெய்வானை புளிசாதம் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டாள். மூன்றாவது அண்டா தீரும்போது பாப்பாத்தி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கூட்டு மனுசனுக்கு வருசா வருசம் திதி குடுத்தேன், அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்கு வெச்சேன். அதனால ரெண்டு கரண்டியோட எந்திருச்சுக்குவாரு. இவனுக்கு யாரு வெச்சா? உசுரோட இருக்கறவனுக்கு எவளாச்சும் திதி குடுப்பாளா? வருவான் வருவான்னு நாம உக்காந்திருந்தோம், அவன் ஏழு வருசமா வெறும் வயித்தோட நின்னிருக்கறான்." பிறகு, போசியின் காதில் ஓடிய புது வெள்ளிக் கோட்டைப் பார்த்துவிட்டு, துளசிமணியின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குச் சர்க்கரை போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அடிப்பாவி" என்றாள், சத்தமில்லாமல்.

பொழுது சாயும்போது போசியில் ஒரு கரண்டி மிச்சம் நின்றது. பாய் ஜில்லென்று இருந்தது. அவன் வயிறு அன்றுதான் நிறைந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தான், எல்லோரையும் போலச் சாப்பிட்டான். துளசிமணி எதிரே உட்கார்ந்து, மிச்சத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வந்த பாத்திரங்களைப் பற்றியும், கேஸ் தீர்ந்துபோனதைப் பற்றியும், யார் வீட்டில் யார் வந்தார்கள் என்றும் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். பதில் ஒருநாளும் வந்ததில்லை. வராவிட்டால் என்ன. இருபது நாள் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு இருந்தது. மைனாவதிக்குத் தெரியுமாடி என்று பாப்பாத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கும்போது, சொல்லணுங்க்கா, சொல்லணும் என்பாள்.

இருபத்தோராம் நாள் போசியைத் திறந்தபோது, சாதம் ஒரு ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவு ஒதுக்கி, உருட்டி, விரலால் தட்டி வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படி. துளசிமணிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ரிக் வண்டிக்குப் போவதற்கு முன்னால், நாச்சிமுத்து பொழுதோடு வேலை முடிந்து வரும்போது, மத்தியானப் போசியில் ஒரு உருண்டை அப்படித்தான் மிச்சம் வைத்துக்கொண்டு வருவான், அதை மைனாவதி சமையலறையில் நின்றபடியே தின்பாள். அந்த உருண்டை அக்காளுக்கானது இல்லை. பத்துநாள் அவள் அதைத் தொடாமல் எடுத்துப்போய் நாய்க்கு வைத்தாள், நாய் மோந்து பார்த்துவிட்டு விலகிப்போனது. பதினோராம் நாள் போசியில் புதிதாக ஆக்கின சாதத்தைப் போட்டு, மூடி, மடியில் வைத்துக்கொண்டு பள்ளிபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். சந்து முழுக்கத் தறிகள் நின்றிருந்தன, காது அடைத்த மாதிரி அமைதி. மைனாவதி பஞ்சு ஒட்டின தலையோடு வாசலுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வாங்க நங்கை" என்றவள் போசியைப் பார்த்ததும் நின்றாள்.

"அன்னைக்கு நான் வெச்சது வெள்ளியில்ல அம்மிணி. ஈயம்."

மைனாவதி கிட்டே வந்து, குனிந்து, கட்டை விரலால் காதின் அடியில் இருந்த கோட்டைத் தடவினாள்.

"இதை எப்ப வெச்சீங்க?"

"போன அமாவாசைக்கு முந்தின அமாவாசை."

"அன்னைல இருந்து வர்றாரா?"

"தெனமும்."

"ஒரு மாசம்." மைனாவதி நிமிர்ந்தாள். "ஒரு மாசம் நீங்க ஒருத்தியாவே வெச்சிருந்தீங்க."

"ஆமா."

"நான் அவரை என்னென்ன திட்டினேன் தெரியுங்களா நங்கை? இந்த ஊட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, தெனமும், எந்திரிக்கறப்ப ஒருவாட்டி படுக்கறப்ப ஒருவாட்டி." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "என்னைய வேண்டாம்னு போகலையா அவரு?"

"இல்ல அம்மிணி. வர முடியாமப் போயிருக்குது."

உள்ளேயிருந்து சென்னியப்பனின் குரல் கேட்டது. "யாரு மைனா?"

"ஒரம்பரைங்க" என்றாள் மைனாவதி, துளசிமணியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு எலை போடுங்க. பாயும் எடுத்துப் போடுங்க."

துளசிமணி செருப்பைக் கழற்றினாள். மைனாவதி கையை நீட்டிப் போசியின் பிடியைப் பற்றினாள்.

"நீங்க போயிட்டு வாங்க நங்கை."

பிடியில் இரண்டு பேர் கையும் இருந்தது. துளசிமணிக்குத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. கடைசி விரல் வந்ததும் மைனாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

துளசிமணி செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு சந்தில் நின்றாள். உள்ளே மூடி திறக்கிற சத்தமும், சென்னியப்பன் தன் இலையோடு நகர்ந்து இடம் விட்டு உட்கார்கிற சத்தமும் கேட்டன. பிறகு மைனாவதி பேச ஆரம்பித்தாள். எந்த முக்குல இறங்குனீங்க என்று கேட்டாள், கேட்டுவிட்டு நிறுத்தினாள். வலிச்சுதா என்று கேட்டாள், நிறுத்தினாள். யாருமே பக்கத்துல இல்லையா என்று கேட்டாள், அதற்கு ரொம்ப நேரம் நிறுத்தினாள். ஒரு மாசம் எதிரே உட்கார்ந்து பேசியும் ஒரு வார்த்தை திரும்பக் கேட்காத துளசிமணி, கதவோரம் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மைனாவதி விட்ட அந்த இடைவெளிகள், ஒன்று சின்னதாக, ஒன்று நீளமாக, ஒரு ஆள் யோசித்துப் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு இருந்தன, ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் ஊம், ஊம் என்றாள்.

அப்போது சாப்பாட்டு நேரம் முடிந்து, சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு தறியாக ஓட ஆரம்பித்தது.